தமிழ் மிஸ்ஸாக வந்து இந்தி மிஸ்ஸாகப் போனவருக்கு

என் கதீஜா அக்காவுக்கு, எங்கிருந்தாலும் காது கொடுப்பீர்கள் என்ற நம்பிக்கையில் உமா எழுதுவது.

நீங்கள் போய் ஒரு வருஷமும் சில வாரங்களும் ஆகிவிட்டன. இதுவரை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் துக்கம் இல்லை, அக்கா. வெட்கம். துக்கம் மட்டும் என்றால் அடுத்த வாரமே உட்கார்ந்து எழுதியிருப்பேன்.

முதலில் ஒரு செய்தி. நீங்கள் இறந்த மறுநாள் நம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஆங்கிலத்தில்தான். உங்கள் பெயர், அதற்குக் கீழே 'எங்கள் முன்னாள் இந்தி ஆசிரியை'. நான் அதன் முன்னால் நின்றேன். கையில் சிவப்புப் பேனா இருந்தது. மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தமிழ் எம்.ஏ. பல்லாவரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவரின் மகள். அஸ்தினாபுரத்தில் இருக்கும் நம் மெட்ரிகுலேஷன் பள்ளியில் பதினெட்டு வருஷம் தமிழ் மட்டுமே நடத்தியவர். நான் அதே பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள், ஆங்கிலத்தில். நீங்கள் ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறி, பெருங்களத்தூரில் ஏறும் எனக்குப் பெண்கள் பெட்டியில் இடம் பிடித்து வைப்பீர்கள். அங்கிருந்து குரோம்பேட்டை வரை கால் மணி நேரம்கூட ஆகாது. ஒரு நாளில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கால் மணி நேரத்தில் மட்டும்தான்.

உங்கள் அண்ணன் ஹமீதைப் பற்றி அந்த ரயிலில்தான் சொன்னீர்கள். அறுபத்தைந்தில் உங்களுக்கு ஒன்பது வயது, அவருக்குப் பதினேழு. இந்தி வேண்டாம் என்று மாணவர்கள் ஊர்வலம் போன ஒரு நாளில் போலீஸ் தடி அவருடைய இடது காதின் மேல் விழுந்தது. அந்தக் காது அதோடு சரி.

"கட்டோட வீட்டுக்கு வந்தாரு உமா. அத்தா திட்டுவாருன்னு நாங்கல்லாம் பயந்துகிட்டு நிக்கிறோம். அத்தா ஒண்ணுமே கேக்கல. தட்ட எடுத்துகிட்டு அண்ணனுக்கு வலது பக்கமா போய் உக்காந்தாரு. அன்னியிலேர்ந்து எங்க வீட்ல எல்லாருக்கும் அண்ணனோட வலது பக்கம்தான் இடம்."

நான் அந்தப் போராட்டத்தை வகுப்பில் ஒரு வெற்றியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தி பாடத்திட்டத்தை விட்டுப் போனது, தமிழும் ஆங்கிலமும் என்று இரண்டு மொழி ஆனது. இவ்வளவும் பாடத்தில் இருக்கிறது. இதற்கு அப்புறம் நடந்ததை யாரும் பாடமாக எழுதவில்லை. தெருவுக்குத் தெரு நம்முடையதைப் போல மெட்ரிகுலேஷன் பள்ளிகள் வந்தன. எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். தமிழ் என்பது 'இரண்டாம் மொழி' என்ற கட்டத்தில் ஒரு டிக். வேண்டாம் என்றால் இந்தி, மேல் வகுப்பில் பிரெஞ்சு. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து, தமிழில் ஒரு வரி எழுதாமல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுப் போகலாம். போனார்கள்.

"இந்தி உள்ள வராம வாசல்ல நின்னோம், சரி. தமிழ் பின்பக்கமா போனத யாரு பாத்தா?" என்று கேட்டீர்கள். என் பெண்ணும் பிரெஞ்சுதான் எடுத்திருந்தாள்.

ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியில்தான் நடத்த வேண்டும் என்று தொண்ணூறுகளின் கடைசியில் அரசாணை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பள்ளிகள் கோர்ட்டுக்குப் போயின, ஆணை ரத்தானது. அன்று நம் கரஸ்பாண்டன்ட் ஸ்டாஃப் ரூமுக்கு லட்டு அனுப்பினார். எல்லோரும் உங்களைத்தான் ஓரக்கண்ணால் பார்த்தோம். நீங்கள் ஒன்றை எடுத்து நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, "சக்கரை கம்மி" என்றீர்கள்.

அப்புறம் அந்த இரண்டாயிரத்து இரண்டு. ஒன்பதாம் வகுப்பில் தமிழ் எடுத்தவர்கள் பதினோரு பேர்தான். பிரின்சிபால் உங்களைக் கூப்பிட்டார். அப்போது நானும் அந்த அறையில் இருந்தேன்.

"கதீஜா மேடம், தமிழுக்கு ஸ்ட்ரென்த் இல்ல. இந்திக்கு ஆள் இல்லாம திண்டாடறோம். நீங்க முஸ்லிம்தானே? வீட்ல உருதுதானே பேசுவீங்க? உங்களுக்கு இந்தி ஈஸிதானே?"

"சார், எங்க வீட்ல உருது தெரிஞ்ச ஒரே ஆள் ரேடியோதான்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப கத்துக்கோங்க" என்றார். "ஜூன்ல மூணாம் கிளாஸ் இந்தி நீங்கதான். இல்லன்னா உங்களுக்கு வேற பீரியட் எதுவும் எங்கிட்ட இல்ல."

அன்று திரும்பி வரும்போது நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "என் பாட்டன் முப்பாட்டன்லாம் தமிழ்லதான் சண்ட போட்டாங்க, தமிழ்லதான் துவா கேட்டாங்க. நான் தமிழ்க்காரின்னு நிரூபிக்க இன்னும் எத்தன தலமொற ஆவணும் உமா?"

ஆனாலும் கற்றீர்கள். நாற்பத்தாறு வயதில், அரிச்சுவடிப் புத்தகத்துக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டுக்கொண்டு. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் முதல் பரீட்சை. புடவைத் தலைப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்த உங்களை மேற்பார்வையாளர் தடுத்தாராம். "பேரன்ட்ஸ்லாம் கேட்டுக்கு வெளிய நில்லுங்கம்மா." நீங்கள் ஹால் டிக்கெட்டைக் காட்டினீர்களாம். உங்களுக்கு முன் பெஞ்சில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, திரும்பி, "ஆன்ட்டி, நீங்க எத்தன தடவ ஃபெயிலு?" என்று கேட்டாளாம். இதைச் சொல்லி நீங்கள் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. சிரித்து முடித்த பிறகு குரோம்பேட்டை வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அதை நான்தான் பார்த்தேன்.

அண்ணனுக்குத் தெரியாமல்தான் படித்தீர்கள். ஒருநாள் அவர் பல்லாவரத்திலிருந்து வந்தபோது புத்தகம் அகப்பட்டுவிட்டது. அட்டையைப் பிரித்துப் பார்த்தாராம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தன் இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினாராம். "இந்தப் பக்கம் உக்காந்து சத்தம் போட்டுப் படி. எனக்குக் கேக்காது."

இந்த நாட்டின் மொழிக் கொள்கையைப் பற்றி நான் படித்த புத்தகங்களை எல்லாம் சேர்த்தாலும் எனக்கு அந்த ஒரு வரி போதும்.

இரண்டு பக்கம் முன்னால் படித்துக்கொண்டு, மூன்றாம் வகுப்புக்கு இந்தி நடத்தினீர்கள். நன்றாக நடத்தினீர்கள். உங்களுக்கு மோசமாக நடத்தத் தெரியாது, அதுதான் உங்கள் கஷ்டம். இரண்டு வருஷத்தில் குழந்தைகள் உங்களை இந்தி மிஸ் என்றே கூப்பிட ஆரம்பித்தன. ஒன்பதாம் வகுப்புத் தமிழும் கைவிட்டுப் போனது.

இரண்டாயிரத்து ஆறில் சட்டம் வந்தது. எல்லாப் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயம், வருஷத்துக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறும். அன்று ரயிலில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். ஐம்பது வயதுப் பெண்ணின் உள்ளங்கை அப்படி வேர்க்குமா என்று ஆச்சரியமாக இருந்தது.

இனி நான் சொல்ல வேண்டிய இடம். இதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்கள் அங்கேயே நின்றிருந்தீர்கள். ஆனால் நான் ஒருமுறையாவது என் வாயால் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் ஆரம்ப வகுப்புகளுக்கு நான் பொறுப்பாளர். டைம்டேபிள் போட்டது நான். ஒன்றாம் வகுப்பில் தினமும் நாலாவது பீரியட் 'தமிழ் – திருமதி கதீஜா' என்று எழுதியதும் நான்தான். அந்தப் பீரியடில் உண்மையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடந்தது. அதே நேரத்தில் நீங்கள் மாடியில் ஐந்தாம் வகுப்புக்கு இந்தி நடத்திக்கொண்டிருந்தீர்கள். "ஒரு வருஷம் இப்படி ஓட்டுவோம், இந்தச் சட்டமும் கோர்ட்டுல போயிடும்" என்றார் கரஸ்பாண்டன்ட். நான் தலையாட்டினேன். சட்டம் கோர்ட்டில் போகவில்லை.

பிப்ரவரியில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா ஆய்வுக்கு வந்தார். உங்களை அவசரமாகக் கீழே வரவழைத்து ஒன்றாம் வகுப்பில் நிறுத்தினார்கள். கரும்பலகையில் நான்தான் 'அம்மா, ஆடு' என்று எழுதி வைத்தேன்.

"நீங்கதான் இந்த வகுப்புக்குத் தமிழா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"பேப்பர்ல நான்தான் மேடம்" என்றீர்கள். "இந்த ரூமுக்குள்ள இன்னிக்குத்தான் வர்றேன்."

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவும் என் பக்கம் திரும்பினார். "நீங்க இன்சார்ஜா? என்ன சொல்றாங்க இவங்க?"

திருமுடிவாக்கத்தில் என் கணவர் வேலை பார்த்த பட்டறையை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. பெண் பன்னிரண்டாம் வகுப்பு. இதெல்லாம் காரணம். காரணம் இருப்பதால் செய்தது வேறொன்றாக ஆகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

"தெனமும் நடக்குது மேடம்" என்றேன். "இவங்களுக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல. ஏதோ மனசுல வெச்சிகிட்டுப் பேசறாங்க."

அந்த அம்மா குழந்தைகளைப் பார்த்து, யாருக்கு 'அ' எழுதத் தெரியும் என்று கேட்டார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து அழகாக எழுதினாள். அவள் அம்மா குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிறவள். வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தத் தாய் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு எழுத்து எங்கள் பொய்க்குச் சாட்சி சொல்லிவிட்டது. 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் அந்த அம்மா.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பரீட்சையில் தவறான விடை எழுதிய நல்ல மாணவியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தீர்கள்.

அடுத்த வாரம் உங்களை வேலையிலிருந்து நிறுத்திய கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தீர்கள். இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு. "ஸ்பெல்லிங் ஒண்ணு, கிராமர் ஒண்ணு. இங்கிலீஷ் மீடியம்" என்றீர்கள். நம் இருவருக்கும் இடையில் அதுதான் கடைசிப் பேச்சு. மறுநாளிலிருந்து பெண்கள் பெட்டியில் நான் பல்லாவரம் போகிற மாணவிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனேன்.

அப்புறம் உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் மற்றவர்கள் வாயிலாகத்தான். ஊரப்பாக்கத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறீர்கள் என்றார்கள். தமிழ் டியூஷன் என்று போர்டு வைத்தீர்களாம், ஒருவரும் வரவில்லை. புதிதாக வந்த அபார்ட்மென்ட்காரர்கள் கேட்டது இந்தி. கடைசிவரை இந்தியே நடத்தினீர்கள். மழை விடாமல் பெய்த ஒரு நவம்பர் காலையில், குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள் என்றார்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்தேன். பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஓரமாக இருந்தேன். உங்கள் அண்ணன் வெளியே நாற்காலியில். யாரென்று தெரியாமல், "ஸ்கூலாம்மா? கூட வேல பாத்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருடைய இடது பக்கம் நின்றிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. நான் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போகவில்லை.

இப்போது பள்ளி எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். சட்டம் நாலாம் வகுப்புவரை ஏறிவிட்டது. இரண்டு தமிழ் மிஸ்களை வைத்திருக்கிறார்கள். ஆண்டு விழாவில் கரஸ்பாண்டன்ட், தமிழ் எங்கள் உயிர் என்று மைக்கில் பேசினார். பேச்சைத் தன் பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று வீடியோ எடுக்கச் சொன்னார். பேரனுக்கு அதில் பாதி புரியவில்லையாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்பில் பிங்கி என்று ஒரு பெண். பீகார். அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவளுக்குத் தமிழும் வராது, ஆங்கிலமும் வராது. இரண்டுமே கட்டாயம். முதல் வாரம் 'பானி, பானி' என்று ஆயாவின் முந்தானையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஆயா என்னிடம் வந்து, "இன்னா மிஸ் இது, பனி பனின்னுகினு கீது. இந்த வெயில்ல பனிக்கு நான் எங்க போவேன்?" என்றாள். எனக்கும் சட்டென்று புரியவில்லை. புரிந்து தண்ணீர் கொடுத்தபோது அந்தக் குழந்தை இரண்டு டம்ளர் குடித்தது. அன்று முழுக்க உங்கள் ஞாபகம்தான். அழுதுகொண்டே கற்ற இந்தியில் நீங்கள் அந்தக் குழந்தையிடம் இரண்டு வார்த்தை பேசியிருப்பீர்கள். அவளைத் தமிழுக்குக் கொண்டுவந்தும் விட்டிருப்பீர்கள். இரண்டு கரையும் தெரிந்த ஒரே ஆளை நாங்கள் துரத்திவிட்டோம்.

அதற்கப்புறம்தான் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். அந்தப் பிப்ரவரியில் நான் சொன்னது பொய், கதீஜா சொன்னதே உண்மை என்று. கையெழுத்துப் போட்டுக் கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் படித்துப் பார்த்தார். "அந்த மேடம் ரிட்டையர் ஆயிட்டாங்கம்மா. இப்பதான் எல்லா ஸ்கூல்லயும் தமிழ் நடக்குதே. இத வெச்சி இன்னா பண்றது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. மூன்று வருஷம் தாமதமாக வந்த உண்மையை எந்த ஃபைலில் வைப்பார்?

போன ஞாயிற்றுக்கிழமை அதே தாளை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகன் அஸ்லம்தான் கதவைத் திறந்தான். அப்படியே உங்கள் நெற்றி. தாளைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஆன்ட்டி, இது தமிழ்ல இருக்கே" என்றான். "பஸ் போர்டு, கடை பேர்லாம் படிச்சிடுவேன். முழு பக்கம்லாம் எனக்கு வராது. நான் ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட்லேர்ந்து இந்திதானே. அப்பா துபாய்க்குக் கூட்டிட்டுப் போயிடுவார்னு அம்மாதான் ஃபார்ம்ல சைன் பண்ணாங்க."

எனக்குத் தெரிந்த விஷயம்தான், அக்கா. நம் பள்ளியில்தானே படித்தான். ஆனால் அன்று அந்த வாசலில்தான் அது என்னவென்று புரிந்தது. துபாயும் நடக்கவில்லை. நீங்களும் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி ரயிலில் ஒரு நாள்கூட நீங்கள் பேசியதில்லை. நான் உங்களைக் கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"என்ன எழுதியிருக்கு ஆன்ட்டி? நீங்களே படிங்களேன்" என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தாளை வாங்கி மடித்தேன். "ஒண்ணுமில்லப்பா, ஸ்கூல் பேப்பர்" என்றேன். இரண்டாவது தடவை. இந்தத் தடவை எதிரில் அதிகாரி இல்லை, வேலைக்கு ஆபத்து இல்லை. அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பது மட்டும்தான் எனக்கு வசதியாக இருந்தது.

கிளம்பும்போது அவன் உள்ளே போய் நாலு நோட்டுகளைக் கொண்டுவந்து காட்டினான். நீல அட்டை போட்ட நீளமான நோட்டுகள். "அம்மா டெய்லி எழுதுவாங்க. கடைசி ரெண்டு வருஷம் நெறய. கவிதையா, டைரியா, என்னன்னே தெரியல. மாமாவுக்குக் கண்ணு சரியில்ல, யார்கிட்ட குடுக்கறதுன்னும் தெரியல. நீங்க ஒரு நாள் வந்து படிச்சிக் காட்டறீங்களா ஆன்ட்டி?"

அந்த நோட்டுகளில் என் பெயர் இருக்கலாம். என்னைப் பற்றி நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் அதை அவனுக்கு உரக்கப் படிக்கப்போகிற குரல் என்னுடையதாகத்தான் இருக்கும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால்தான் இதை எழுதினேன், அக்கா. வருகிற ஞாயிறு முதலில் இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அவனுக்குப் படித்துக் காட்டுவேன். கேட்டுவிட்டு அவன் வாசலைக் காட்டினால் எழுந்து வந்துவிடுகிறேன். காட்டவில்லை என்றால் உங்கள் முதல் நோட்டைத் திறப்பேன். நாலும் முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் வருவேன். எனக்கு வலிக்கிற பக்கங்களையும் தாண்டிப் போக மாட்டேன்.

இன்னும் உங்களை அக்கா என்றே கூப்பிடுகிற,
உமா